நாய்க்குப் போட்ட ஈரல்

எபினேசர் அடிக்கிற ஆட்டுக்கறியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எங்கள் காலனியில் சொல்வார்கள். நான் அந்த மனுஷனையே கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொண்டவள். கல்யாணத்தின்போது அவருக்கு இருந்ததெல்லாம் நாலு செம்மறியும் ஒரு நல்ல பெயரும்தான். ஆடு பெருகியது, பெயரும் பெருகியது. வேலை மட்டும் இன்றைக்கும் கான்ட்ராக்டிலேயே நிற்கிறது.

எங்கள் ஆட்கள் முன்பு அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். வயலெல்லாம் கம்பெனி ஆன பிறகு கம்பெனி கேட்டுக்குப் போகிறோம். இவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். நான் காலையில் அதே கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு காலி பிளாட்டுகளுக்குப் போவேன். கம்பெனி வரப்போகிறது என்று போர்டு வைத்த இடங்களில் கம்பெனி வருகிறவரைக்கும் புல் வரும். எங்கள் ஆடு அந்தப் புல்லில்தான் வளர்ந்தது.

ஆட்டுக்குத் துணையாக ஒரு நாய். பெயர் சூப்ரவைசர். நான்தான் வைத்தேன். முன்னும் பின்னும் நடப்பான், காரணமில்லாமல் குரைப்பான், யாராவது வேலை செய்தால் நின்று பார்ப்பான். வேறு என்ன பெயர் வைப்பது? எங்கள் மகள் ஹெலன் நாலு வயதில் இருந்தபோது குட்டியாக வந்தவன். அவள் கடித்த பன்னில் பாதியைத் தின்று, அவள் முகத்தை நக்கி, அவளோடு ஒரே சாக்கில் தூங்கி வளர்ந்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றுதான் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் மணி அடிப்பதற்குள் இவர் ஒரு ஆடு அடிப்பார். காலனி முனையில் ஒரு வேப்பமரம், அதில் ஒரு கொக்கி. முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். உரித்து முடித்ததும் இவர் முதலில் ஈரலைத்தான் எடுப்பார். எல்லோருக்கும் தெரியும்படி உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். சில ஈரலில் தண்ணிப்பை இருக்கும். வெள்ளையாக, கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சம்பழம் அளவு வரைக்கும், உள்ளே தெளிந்த நீரோடு. மெயின் ரோட்டில் கறிக்கடை வைத்திருக்கிற மோகன்ராஜைப் போன்றவர்கள் பையை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தராசில் போட்டுவிடுவார்கள். இவருக்கு ஒரே ஒரு பை கண்ணில் பட்டாலும் போதும், முழு ஈரலும் நாய்க்குத்தான்.

காவல் நாய்க்குப் பங்கு கொடுக்காமல் கறியைக் கூறு போடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. பட்டியைக் காக்கிறதற்கு அது கூலி. அதனால் ஈரல் கையைவிட்டுப் பறந்ததும் சூப்ரவைசர் பாய்ந்து பிடிப்பான், தவறியதைக் காலனி நாய்கள் பிடிக்கும், கூட்டமும் சந்தோஷப்படும். கெட்டது மனுஷன் வாய்க்குப் போகக்கூடாது என்பார் இவர். அதைக் கேட்டுத் தாயாரம்மாள் போன்ற வயசான பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

ஹெலனுக்கு ஒன்பது வயது நடக்கும்போது வலது பக்கம் விலாவுக்குக் கீழே வயிறு மேடு தட்டியது. முதலில் சதை போடுகிறாள் என்று நினைத்தோம். கையும் காலும் குச்சியாக இருக்க வயிற்றில் மட்டும் எப்படிச் சதை போடும் என்று நான் கேட்டேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினாள். வாய்வு என்றார்கள், ஓமத்தண்ணி கொடுத்தேன். ஒருநாள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கித் தோளில் மாட்டும்போது வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே இவரை லீவு போடச் சொல்லி ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூருக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம், தூங்கி எத்தனை நாளாயிற்றோ. கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, இதுதான் ஈரல், இதோ இந்தக் கறுப்பு வட்டம் நீர்க்கட்டி, சாத்துக்குடி அளவு இருக்கிறது என்றார். அந்த வட்டத்தை எனக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்குள் இருந்தது என் மகளுக்குள் எப்படிப் போனது என்றுதான் புரியவில்லை.

வீட்டில் ஆடு இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இரண்டும் இருக்கிறது என்றேன். இவர் முகம் சிவந்துவிட்டது. தன் கறியைத்தான் குறை சொல்ல வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"பை இருக்கிற ஈரல நான் ஒருநாளும் மனுசாளுக்குக் குடுத்ததில்ல டாக்டரம்மா. எங்க காலனில யார வேணா கேட்டுப் பாருங்க."

"அப்ப யாருக்குக் குடுப்பீங்க?"

"நாய்க்குப் போட்டுருவேன்."

டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எங்களுக்குச் சொன்னார். ஆட்டு ஈரலில் இருக்கிற அந்தப் பைக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் இருக்கின்றன. அதை மனுஷன் தின்றால் ஒன்றும் ஆகாது, வெந்த கறியில் அது செத்துப்போகும். ஆனால் நாய் தின்றால் அதன் குடலில் புழுவாக வளர்ந்து முட்டை போடும். நாய் தெம்பாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது. முட்டை அதன் கழிவோடு வெளியே வந்து புல்லில், தண்ணீரில், நாயின் முடியில் ஒட்டிக்கொள்ளும். புல்லைத் தின்கிற ஆட்டுக்கு மறுபடியும் பை வரும். நாயைக் கொஞ்சிவிட்டு வாயில் கை வைக்கிற பிள்ளைக்கும் அதே பை வரும். ஹெலனுக்கு இது இப்போது வந்ததில்லை, நாலைந்து வருஷமாக வளர்ந்திருக்கிறது என்றார்.

மோகன்ராஜ் விற்ற ஈரலால் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. இவர் விற்காத ஈரலால் என் பிள்ளைக்கு வந்திருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. இவரைப் பார்த்தேன். உள்ளங்கையை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் சென்னையில்தான் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் சில வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். கடைசியாக ஒன்று சொன்னார். அந்தப் பை உள்ளேயே உடையக்கூடாது. விழுந்தாலோ, வயிற்றில் அடிபட்டாலோ உடைந்து, உடம்பு அந்த நீரைத் தாங்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். உயிர் தப்பினாலும் சிந்திய இடமெல்லாம் புதிதாகப் பை முளைக்கும். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, யாரும் மோதக்கூடாது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஹெலனை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் நான் அவள் வயிற்றுக்கு முன்னால் கையை வைத்தேன்.

காலனி முனையில் இறங்கியதும் சூப்ரவைசர் எங்களைப் பார்த்துவிட்டான். தினமும் ஹெலன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்ன செய்வானோ அதையேதான் செய்ய வந்தான். இரண்டு முன்காலையும் தூக்கி அவள் வயிற்றில் வைத்து நிற்பது. ஓடி வருகிறவனை நான் குறுக்கே விழுந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன். விளையாட்டு என்று நினைத்து என் கையை நக்கினான். நக்கிய கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துத் தோல் எரிந்தது.

இவர் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். ஹெலன் பயந்து என் பின்னால் ஒளிந்தாள்.

"நீ போட்டத அது துன்னுச்சு. அதுக்கு இன்னா தெரியும்?" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கடப்பாரை கீழே விழுந்தது. மறுநாள் நான் நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே மாத்திரை கொடுத்தார்கள், மாதாமாதம் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்த நாட்களில் அதன் கழிவைக் கையுறை போட்டு எடுத்து எரிக்க வேண்டும், பை இருக்கிற ஈரலை நாய் தோண்ட முடியாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும், காலனியில் இருக்கிற எல்லா நாய்க்கும் மாத்திரை கொடுத்தால்தான் பயன் என்றார்கள். சூப்ரவைசரைக் கொல்லைப்பக்கம் சங்கிலி போட்டுக் கட்டினேன். ஹெலன் குரல் கேட்டால் போதும், சங்கிலியை இழுத்துக்கொண்டு அழுவான். அவள் ஜன்னலில் நின்று அவனோடு பேசுவாள்.

காலனிக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். எதிர்வீட்டு பானுவின் கைக்குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. காலனி நாய்கள் படுத்துக் கிடக்கிற அதே வாசலில்தான் அதுவும் தவழ்கிறது. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் முடியட்டும் என்றார். அப்புறம் சொல்லலாம் என்றார். இனிமேல் நாய்க்குப் போட மாட்டேன், அது போதாதா என்று என்னையே கேட்டார். நான் விடவில்லை. கடைசியில் உண்மை வெளியே வந்தது.

"எனுக்கு இன்னாமே இருக்குது? இந்தப் பேரு ஒண்ணுதானே."

அந்தப் பெயரைப் பார்த்துத்தானே நானும் வந்தேன். வாயை மூடிக்கொண்டேன், ஆனால் மனசு மூடவில்லை. பானு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போதெல்லாம் என் கண் அதன் கைக்குத்தான் போகும். அதன் கையைக் கழுவிவிடு, கழுவிவிடு என்று வழியில் பார்க்கிற நேரமெல்லாம் சொன்னேன். இந்த அக்காவுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று அவள் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டீவன் வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஆடு வேண்டும் என்று எப்போதோ சொல்லி வைத்தது, மறுக்க முடியாது. ஹெலனை வீட்டில் படுக்கவைத்துவிட்டு நானும் மரத்தடிக்குப் போய் நின்றேன். இவர் கையை நம்பாமல்தான் போனேன். விருந்து வீட்டு ஆடு என்பதால் வழக்கத்தைவிடக் கூட்டம். நாய்களும் தங்கள் இடத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

உரித்தார். ஈரலை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். திருப்பினார். எலுமிச்சம்பழம்போல ஒரு பை, பக்கத்தில் சின்னதாக இன்னும் சில. கூட்டத்தில் யாரோ, ஐயோ ஈரல் போச்சே என்றார்கள். ஸ்டீவன், எபி அண்ணன் சுத்தம் பார்க்கிற ஆளப்பா என்று பெருமையாகச் சொன்னான். அதைக் கேட்டாரோ இல்லையோ, இவர் கை தானாகப் பின்னால் போனது, முன்னால் வந்தது, ஈரல் பறந்துவிட்டது. இருபது வருஷமாகப் பழகிய கை. எறிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவர் முகம் வெளுத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஒரு செவலை நாய் அதைக் கவ்விக்கொண்டு நேராக பானு வீட்டு வாசலுக்கு ஓடியது. குழந்தை அங்கே தட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன். செருப்பு ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம். நாயின் வாயிலிருந்து ஈரலைப் பிடித்து இழுத்தேன். அது விடவில்லை, நானும் விடவில்லை. என் மணிக்கட்டில் பல் பட்டு ரத்தம் வந்தது. சர்ச்சுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எபினேசர் பெண்டாட்டி சுகிர்தா நாயோடு ஈரலுக்குச் சண்டை போடுகிறாள் என்று சிரித்தார்கள்.

ஈரலைப் பிடுங்கிக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் பார்த்த வட்டத்தைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், ஹெலன் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று சொன்னேன். மூச்சு வாங்கியது, அழுகை வந்தது, நிறுத்தவில்லை. இவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். என்னைத் தடுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. அந்த மௌனம்தான் எனக்கு ஆறவில்லை. அவர் ஒரு வார்த்தை ஆமாம் என்று சொல்லியிருந்தால் காலனி வேறுமாதிரி கேட்டிருக்கும்.

காலனி கேட்டது வேறு. நான் நாய் என்று சொன்னது அவர்கள் காதில் ஆடு என்று விழுந்தது. எபினேசர் ஆட்டில் நோய். தாயாரம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, இத்தனை வருஷமாக உங்கள் கறியைத்தானே தின்றேன், எனக்கும் பை இருக்குமா என்று அழுதார். கறி தின்றால் வராது, தப்பு நாய்க்குப் போடுவதில்தான் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். ஸ்டீவன் ஆட்டை அப்படியே விட்டுவிட்டு மோகன்ராஜ் கடைக்கு வண்டியை எடுத்தான். மோகன்ராஜ் கழிவையெல்லாம் கடைக்குப் பின்னால் கால்வாயில் கொட்டுகிறான். எங்கள் காலனி நாய்கள் மீதி நேரம் இருப்பது அந்தக் கால்வாயில்தான். இதையும் சொன்னேன். உன் வீட்டுக்காரன் வியாபாரம் போன வயிற்றெரிச்சலில் பேசுகிறாய் என்றார்கள்.

பானு மட்டும் அன்று சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். கைகழுவுவதிலிருந்து ஆரம்பித்து எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். ஒருத்தியாவது கேட்டாளே என்று இருந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் கொல்லையில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் சூப்ரவைசர் நுரை தள்ளிக் கிடந்தான். பக்கத்தில் பாதி தின்ற போண்டா. விஷம் வைத்தது யார் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? நோயைக் கொண்டுவந்த நாய் என்று அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. மாத்திரை சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான். காலனியிலேயே சுத்தமான நாய் அவன்தான். சங்கிலியில் கிடந்ததால் கொல்லுவதற்குச் சுலபமாகவும் இருந்துவிட்டான். மற்ற நாய்கள் எப்போதும்போல வாசலில் படுத்துக்கொண்டிருந்தன.

அதே கடப்பாரையை எடுத்து இவர் குழி தோண்டினார். இடுப்பளவு தோண்டியும் நிறுத்தவில்லை. போதும் என்றேன். பட்டியிலிருந்து ஆடுகள் எட்டிப் பார்த்தன. குழிக்குள் நின்றபடியே அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் ஹெலன் விழித்துவிடுவாளே என்று வாயில் துணியை வைத்துக்கொண்டேன். சூப்ரவைசரை டாக்டர் வீட்டில் விட்டிருக்கிறோம், மருந்து முடிந்ததும் வருவான் என்று அவளிடம் சொல்ல நான்தான் கதை கட்டினேன்.

சென்னைக்குப் போகிற நாள் வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஏறும்போது ரயிலில் இடம் இருந்தது. பொன்னேரி தாண்டியதும் கூட்டம் நெருக்க ஆரம்பித்தது, மீஞ்சூரில் காலை வைக்க இடமில்லை. ஹெலன் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இவர் அவளுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் சீட்டின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டார். பின்னாலிருந்து யார் தள்ளினாலும் முதுகில் வாங்கினார். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான், அதையும் வாங்கினார். இறங்குகிறவரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

எழும்பூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் பச்சைத் துணி போட்டு ஹெலனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். அவள் என்னைக் கேட்கவில்லை. நான் எதையும் சமாளித்துப் பேசுவேன் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவரைத்தான் கேட்டாள்.

"நைனா, சூப்ரவைசர் அங்க நல்லா துன்றானா?"

அவர் என்னைப் பார்த்தார். தராசில் ஒரு குண்டுமணி கூடக் குறைக்காத மனுஷன். எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததில்லை.

"நல்லா துன்றான் கண்ணு. ஒன்ன கேட்டான்."

வண்டி உள்ளே போனது. கதவு மூடியது. வெளியே நீளமான பெஞ்சில் எங்களைப்போலவே பத்துப் பதினைந்து பேர். ஆந்திரா பக்கத்திலிருந்து வந்தவர்கள், திருத்தணிப் பக்கத்து ஆட்கள், மீனவப் பெண்கள் இரண்டு பேர். நான் தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லி முடித்து, தெரியாததை நானே கட்டிச் சொன்னேன். அந்தப் பை உடையாமல் வரட்டும். வேறு எதையும் கேட்க மாட்டேன் என்றேன். இவர் கதவைப் பார்த்து நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

வெயில் ஏறி இறங்கிய பிறகு கதவு திறந்தது. பெரிய டாக்டர் வெளியே வந்தார், கூடவே ஒரு நர்ஸ், கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. எடுத்ததைப் பெற்றவர்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கமாம். ஒரு சொட்டுக்கூட உள்ளே சிந்தவில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறாள், ஆனாலும் இன்னும் சில வருஷத்துக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றார்.

தட்டில் வெந்த முட்டையின் வெள்ளைபோல ஒரு தோல், மடிந்து கிடந்தது. அதோடு திராட்சைபோலக் குட்டிக் குட்டிப் பைகள். இவர் கிட்டே போனார். ஞாயிற்றுக்கிழமை ஈரலைத் திருப்பிப் பார்க்கிற கை தட்டுப்பக்கம் நீண்டு, பாதியில் நின்றது.

"இத இன்னா பண்ணுவீங்க டாக்டர்?"

எரித்துவிடுவோம் என்றார் டாக்டர். முழுசாக எரிப்பீர்களா என்று இவர் கேட்டார். முழுசாகத்தான் என்றார் அவர்.

"நாய் வாயில பட்டுறக் கூடாது சார்."

இங்கே ஏது நாய் என்று நர்ஸ் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு அதையே மறுபடியும் சொன்னார். நர்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. எரிக்கிறதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தட்டை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

இனி உட்காருவார் என்று நினைத்து நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். உட்காரவில்லை. பெஞ்சில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். எங்கள் காலனியில் தலை குனிந்து நின்ற மனுஷன், யாரென்றே தெரியாத அத்தனை பேருக்கும் முன்னால் தலையை நிமிர்த்தினார்.

"ஊட்ல ஆடு வெச்சிருக்கவங்க யார்னா இருக்கீங்களா?" என்று கேட்டார். ஒருவர் இருவர் கையைத் தூக்கினார்கள். "எம்பேரு எபினேசர். தேர்வாய் கண்டிகை. தண்ணிப்பை இருந்த ஈரல நாய்க்குப் போட்டவன் நாந்தான். உள்ள இருக்கிறது எம்பொண்ணு."